பெங்களூரில் வளரும் பிள்ளைகளுக்கு நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ராமமூர்த்திநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர்களே சேர்ந்து ஒரு தமிழ் வகுப்பு நடத்தி வருகிறோம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் இருபது பேர் அளவில் வருகிறார்கள். பள்ளியில் அவர்களுக்கு ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று போய்விடுகிறது. தமிழை வீட்டில் பேசுகிறார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகுகிறார்கள். இவர்களுக்கு நம்முடைய நாட்டுப்புறப் பாட்டையும் ஆட்டத்தையும் முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்று எங்களில் சிலர் விரும்புகிறோம்.

சென்ற பொங்கலுக்கு, நடன வகுப்பு எடுக்கும் ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் நான்கு திரைப்பாடல்களை வெட்டி ஒட்டி அதற்குக் கிராமிய நடனம் என்று பெயர் வைத்தார். பெண் பிள்ளைகளின் தலையில் பிளாஸ்டிக் கரகத்தை வைத்து, முகவாய்க்குக் கீழே எலாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள். குனிந்தாலும் சுழன்றாலும் அது அசையவில்லை. விழாமல் காப்பதுதானே அந்த ஆட்டம், கட்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்த முறை, மேடைக்கு ஐந்து நிமிட நிகழ்ச்சி என்று இல்லாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் ஒரு பயிற்சியாக அமைக்க நினைக்கிறோம். பறை, ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் என்று பல இருக்கும்போது இந்த வயதினருக்கு எதை முதலில் வைப்பது? கலைஞர்களைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா, இங்கேயே கிடைப்பார்களா? பிள்ளைகள் பறைதான் வேண்டும் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்திலோ சத்தத்தைக் காரணம் காட்டியும், வெளிப்படையாகச் சொல்லாத வேறு காரணங்களாலும் முணுமுணுப்பு எழுந்திருக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அடிக்குச்சி

வணக்கம். நான் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பறை பழக்குகிறவன். அப்படியிருந்தும், பறையை முதலில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதலில் கைத்தட்டு, கூடவே வாய்ப்பாட்டு, அடுத்து கோல், அதன் பிறகே தோல் என்ற வரிசையில் போவது நல்லது. ஆறு வயதுப் பிள்ளையின் தோளில் எடுத்த எடுப்பில் பறையை மாட்டினால், அதன் கவனமெல்லாம் பாரத்தைத் தாங்குவதிலும் குச்சியை நழுவ விடாமல் பிடிப்பதிலும் போய்விடும்; தாளம் உடம்பில் ஏறாது.

கும்மியில் தொடங்குங்கள். வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. வட்டமாக நிற்க இடம் இருந்தால் போதும். ஓர் அடி உள்ளே வைத்துக் குனிந்து ஒரு தட்டு, பின்வாங்கி நிமிர்ந்து ஒரு தட்டு, பக்கவாட்டில் நகர்ந்து ஒரு தட்டு என்று மூன்றெண்ணிக்கை நடையில் பழக்கினால், பெரும்பாலான பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே வட்டத்தோடு நகரத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு மேல்தான் நுட்பம் வருகிறது. உள்ளங்கை இரண்டையும் விரித்துத் தட்டினால் ஓர் ஓசை, கையைக் குவித்துத் தட்டினால் வேறோர் ஓசை, விரல் நுனிகளை மட்டும் சேர்த்தால் இன்னோர் ஓசை. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியச் சொல்லுங்கள். பிற்காலத்தில் பறையின் நடுவில் விழும் அடியையும் விளிம்பில் விழும் அடியையும் பிரித்துக் கேட்கப்போகிற காது அங்கேதான் பழகுகிறது.

பாட்டுக்கும் எங்கும் அலைய வேண்டாம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திரும்பப் பாடுவதுதான் கும்மியின் அமைப்பு என்பதால், எழுத்துத் தெரியாத பிள்ளையும் அதில் பின்தங்காது. தன்னானே தானே என்று தொடங்கி, நடை பிடிபட்ட பிறகு சொற்களை ஏற்றுங்கள். சிறியவர்களுக்கு, இரண்டு அணிகளாக எதிரெதிரே நின்று முன்னும் பின்னும் நடந்து கேள்வியும் பதிலுமாகப் பாடும் பூப்பறிக்க வருகிறோம் போன்ற விளையாட்டுப் பாடல்கள் இன்னும் பொருந்தும். அவை விளையாட்டு என்பதாலேயே நாட்டுப்புற இசையாகப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பாட்டும் நடையும் முறை மாறிப் பாடும் ஒழுங்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடம் அதுதான்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பருவம் கழித்துப் பறையைக் கொடுங்கள். வலக்கையில் பிடிப்பது குட்டையான, தடித்த அடிக்குச்சி; இடக்கையில் பிடிப்பது நீளமான, மெல்லிய சிம்புக்குச்சி. இடக்கை பறையின் விளிம்பை அணைத்துக்கொண்டே சிம்புக்குச்சியையும் வீச வேண்டியிருப்பதால், பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இடக்கையில்தான். அதனால் முதல் சில வாரங்கள் பறையே இல்லாமல், ஒரு பழைய டயரைச் சுவரில் சாய்த்து வைத்து இடக்கைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது என் வழக்கம். எந்த அடியையும் வாயால் சொல்லிக் காட்டிய பிறகே கையால் அடிக்க விடுவேன். கை ஓரளவு ஓடத் தொடங்கியதும் காலையும் சேர்த்துவிட வேண்டும். நின்ற இடத்தில் அடித்துப் பழகிய பிள்ளையைப் பின்னால் ஆட வைப்பது பெரும்பாடு.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுத்தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் ஒலியை ஏற்ற வேண்டும். பெங்களூரின் மழைக்கால ஈரத்தில் ஏறிய ஒலி சீக்கிரம் இறங்கிவிடும். குடியிருப்பு வளாகத்தில் தீ மூட்டவும் விடமாட்டார்கள். ஆகையால் பயிற்சிக்குத் திருகாணியால் இறுக்கும் ஃபைபர் பறை போதும். தோலின் ஆழ்ந்த ஒலி அதில் வராது என்பது உண்மைதான். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தோல் பறையைக் காய்ச்சுவதைப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தில் மட்டும் வகுப்பு வைக்காதீர்கள். கான்கிரீட் கூரையில் மோதித் திரும்பும் ஒலி பிள்ளைகளின் காதுக்குக் கேடு. சங்கத்தின் முணுமுணுப்புக்கும் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மொட்டை மாடியோ பக்கத்துப் பூங்காவோ நல்லது.

இணையவழி வகுப்பு பாட்டுக்கு ஓரளவு உதவும், பறைக்கு உதவாது. இரைச்சலைக் குறைப்பதற்கென்று செயலியில் இருக்கும் வசதி பறையின் ஒலியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். அந்த வசதியை நிறுத்தினாலும், ஒலி தாமதித்து வருவதால் இரண்டு பேர் சேர்ந்து அடிக்க முடியாது.

மறுமொழி: ஜெயநகர் இல்லத்தரசி

கும்மி, கோலாட்டம் எல்லாம் சரி. பறையைப் பற்றி மட்டும், மற்றவர்கள் மனத்தில் வைத்திருப்பதை நான் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் பறை என்றால் அது சாவு வீட்டில் கேட்கும் ஒலிதான். என் மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள், இருவருக்கும் வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் அந்த ஒலி கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். யாரையும் தாழ்த்த வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் சுருதி ஞானம் வரட்டும் என்று கர்நாடக சங்கீதத்தில் சேர்த்துவிட்டு, பிறகு நாட்டுப்புறப் பாடல்களுக்கு வந்தால் என்ன?

மறுமொழி: தங்கவயல்காரன்

சகோதரி வெளிப்படையாகக் கேட்டது நல்லதுதான். மூடி மூடிப் பேசுவதால்தான் இந்த விஷயம் சங்கக் கூட்டங்களில் சத்தத்தைப் பற்றிய புகாராக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எங்களில் பலரும் பெங்களூருக்கு வேலை தேடி வந்துவிட்டோம். சுரங்கத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் மாரியம்மன் திருவிழாவுக்கும் பறை உண்டு, கல்யாண ஊர்வலத்துக்கும் பறை உண்டு, சாவுக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. திருவிழாவுக்கான சாமிச்சாட்டு அடியைக் கேட்டுப் பழகிய காது அதைச் சாவுக்கான மாரடிப்பு அடியோடு குழப்பிக்கொள்ளாது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கருவியைச் சாவோடு மட்டும் பிணைத்தது ஒலியின் இயல்பு அல்ல. அதை அடிப்பவர்கள் இன்ன சாதியார், அவர்கள் இழவு வீட்டுக்கு அழைத்த நேரத்தில் வந்து அடித்தே ஆக வேண்டும் என்று ஊர் விதித்த கட்டாயம்தான் பிணைத்தது. அந்தக் கட்டாயத்தை மறுத்து, சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களும் உண்டு. அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது வந்ததால் பழைய அவமதிப்பு துடைக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் மாமனாரிடம் பேச்சைத் தொடங்க அந்தச் செய்தி உதவக்கூடும். வகுப்பின் முதல் நாளில், பறை பழக்க வரும் ஆசானை உங்கள் வீட்டுக்கு அழைத்து, பெரியவர்கள் முன்னிலையில் ஒரு வாழ்த்தடி அடிக்கச் சொல்லுங்கள். சங்கடம் முழுவதும் தீராவிட்டாலும், அடிப்பவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து கேட்பது வேறு, எங்கிருந்தோ வருவதைக் கேட்பது வேறு.

பிள்ளைகளுக்கும் இந்த வரலாற்றை மறைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைப் புரிந்துகொள்ளும். கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றி வந்த மக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது, பிளாஸ்டிக் கரகத்தை எலாஸ்டிக்கில் கட்டியதைவிட மோசம்.

முதலில் சங்கீதம், பிறகு நாட்டுப்புறப் பாட்டு என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே பிள்ளை கற்கலாம், தடையில்லை. ஆனால் தெம்மாங்கின் இழுவையும் நடவுப்பாட்டின் திறந்த தொண்டையும் வேறு பயிற்சியில் வருபவை. ஒன்றை மற்றொன்றின் முதல் படியாக வைப்பது இரண்டுக்கும் பொருந்தாது.

கலைஞர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஆசான்கள் கிடைப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் மாசியிலிருந்து ஆடி வரை கோயில் கொடைகளும் திருவிழாக்களும் இருக்கும். அதுதான் அவர்களுக்கு ஆண்டு வருமானம் கிடைக்கும் காலம். அந்த மாதங்களில் வகுப்புக்கு அழைத்து வரவில்லை என்று குறைப்படக் கூடாது. ஆவணியில் தொடங்கித் தை வரை திட்டமிடுங்கள். பள்ளிகளுக்குத் தசரா விடுமுறை வரும்போது தொடர்ச்சியாகப் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். ஊதியத்தை முன்கூட்டியே பேசி, பயணச் செலவையும் சாப்பாட்டையும் தனியாகக் கொடுங்கள். கணினி வகுப்புக்கும் நீச்சல் வகுப்புக்கும் கேட்ட கட்டணத்தைக் கட்டுகிற நாம், கிராமியக் கலைஞர் என்றதும் பேரம் பேசுகிறோம்.

இன்னொரு வழியும் நம் காலடியிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் தமட்டெ நம் பறைக்கு மிக நெருங்கிய உறவு. அதையும் தோளில் மாட்டி இரண்டு குச்சிகளால்தான் அடிப்பார்கள். சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பா 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தமட்டெக் குழுக்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கன்னடம் தெரியும் என்பதால் அவர்களிடம் கற்பதில் சிரமமும் இருக்காது. ராமநகரத்துக்குப் பக்கத்தில், எச்.எல். நாகேகௌடா உருவாக்கிய ஜானபத லோகாவுக்கு ஒரு ஞாயிறு அழைத்துச் செல்லுங்கள்; நாட்டுப்புற இசைக்கருவிகளை அங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

கரகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்த்திக்காக எடுக்கும் சக்திக் கரகம் வேறு, கலையாக ஆடும் ஆட்டக் கரகம் வேறு. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர் கரகம் முதல் வகையோடு சேர்ந்தது. பூக்கரகத்தைத் தலையில் ஏந்தியவர் பழைய பேட்டைத் தெருக்கள் வழியாக இரவெல்லாம் நடக்கிறார், தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறார். அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், மேடையில் நடிக்க வேண்டாம். ஆட்டக் கரகத்தைக் கற்பிப்பதாக இருந்தால், வெறுஞ்செம்பில் கொஞ்சம் அரிசி போட்டுத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்து நடக்க விடுங்கள். விழட்டும், எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

மறுமொழி: பின்னல் கோலாட்டம்

நான் கிருஷ்ணராஜபுரத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மேலே சொன்னவற்றோடு பின்னல் கோலாட்டத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை இவ்வளவு கட்டிப்போடும் ஆட்டம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

உயரமான ஒரு கம்பத்தின் உச்சியிலிருந்து வண்ணத் துணிக்கயிறுகள் தொங்கும். பிள்ளைகள் எட்டுப் பேர் என்றால் நால்வர் வலம், நால்வர் இடம். எதிரே வருபவரை முதலில் உட்புறமாகக் கடக்க வேண்டும், அடுத்தவரை வெளிப்புறமாகக் கடக்க வேண்டும். கோல் தட்டும் தாளம் தவறக் கூடாது. கம்பத்தின் மேலே பின்னல் இறங்க இறங்கக் கயிறு குட்டையாகிக்கொண்டே வரும், வட்டமும் சுருங்கும். பிறகு அப்படியே திரும்பி, வந்த வழியே ஆடி அவிழ்க்க வேண்டும். ஒரே ஒரு பிள்ளை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனாலும், அவிழ்க்கும்போது அந்த இடத்தில் முடிச்சு நின்றுவிடும். யார் தவறினார்கள் என்று நான் சொல்வதில்லை. கயிற்றின் நிறத்தைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே பின்னோக்கி ஆடிச் சரிசெய்கிறார்கள். கோலாட்டம் கன்னடப் பிள்ளைகளுக்கும் பழக்கமானது என்பதால், உங்கள் வகுப்புக்கு வெளியே உள்ள பிள்ளைகளும் சேர வாய்ப்பு உண்டு. முதலில் கயிறில்லாமல் வெறும் நடையாகப் பழக்குங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் பாதையை வரைந்துவிட்டால் எளிது.

ஆண் பிள்ளைகள் கும்மி பெண்களுக்கு உரியது என்று ஒதுங்குவார்கள். அவர்களுக்குக் கையில் வண்ணக் கைக்குட்டையைக் கொடுத்து ஒயிலாட்டத்தில் இழுத்துக்கொள்ளலாம். அது ஆண்கள் வரிசையாக நின்று ஆடி வந்ததுதான். ஆனால் அந்தப் பிரிவினையை அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவைப் பகுதியின் பத்திரப்பன் அவர்கள், ஆண்கள் ஆடி வந்த அந்தக் கலையில் பெண்களையும் பயிற்றுவித்தவர். உங்கள் வகுப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் ஆடட்டும்.

மறுமொழி: ராமமூர்த்திநகர்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆவணியில் கும்மியோடு தொடங்கி, தசரா விடுமுறையில் கோலாட்டக் கம்பம் நடுவது என்றும், பறையைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் அடுத்த கட்டமாக வைப்பது என்றும் எங்கள் பெற்றோர் குழுவில் பேசி வருகிறோம். ஜெயநகர் சகோதரி எழுப்பிய கேள்வி எங்கள் குடியிருப்பிலும் இருப்பதால், ஆசானை முதலில் வீட்டுக்கு அழைக்கும் யோசனையை நிச்சயம் முயல்வோம். இன்னும் ஓர் ஐயம் மீதமிருக்கிறது. நாங்கள் கேட்டுப் பார்த்த தெம்மாங்குப் பாடல்களில் பல, காதல் கேலியாகவோ இரட்டைப் பொருளாகவோ இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஏற்றவற்றை எப்படித் தேர்வது? சொற்களை நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?

மறுமொழி: அடிக்குச்சி

மாற்றலாம். இந்தப் பாடல்கள் பாடுகிறவர் வாயில் மாறி மாறித்தான் நமக்கு வந்திருக்கின்றன. மெட்டையும் நடையையும் கெடுக்காமல் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் மாற்றிப் பாடுவது வழக்கத்தில் உள்ளதே. ஆனால் மாற்றுவதற்கு முன் வேறிடத்தில் தேடிப் பாருங்கள். தெம்மாங்கு பெரும்பாலும் பெரியவர்களின் கேலிப் பாட்டு. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய அவசரம் இல்லை. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டில் சால் எண்ணும் பகுதி, நடவுப்பாட்டு, மழைவேண்டிப் பாடும் பாட்டு, முளைப்பாரிக் கும்மி ஆகியவற்றில் தடை எதுவும் இருக்காது. அவற்றைப் பாடும்போது ஏற்றம் என்றால் என்ன, நாற்றுமுடி என்றால் என்ன என்று படம் போட்டு விளக்க வேண்டிவரும். அந்த விளக்கமே உங்கள் தமிழ் வகுப்புக்கு ஒரு பாடம்.

உங்கள் குடியிருப்பிலேயே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிமார்கள் பலர் இருப்பார்கள். கரகத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். கைப்பேசியில் பதிவு செய்யும்போது கும்மிப் பாட்டு பாடுங்கள் என்று கேட்டால் வெட்கப்பட்டு, ஒன்றும் தெரியாது என்பார்கள். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துத் தவறாகத் தட்ட விடுங்கள், திருத்துவதற்காக எழுந்து வருவார்கள். பாட்டு அதன் பிறகு தானாக வரும். பதிவானதைப் பெரிய பிள்ளைகள் கேட்டு எழுதட்டும், சிறியவர்கள் மனப்பாடம் செய்யட்டும். பாடியவரின் பெயரையும் ஊரையும் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.